கை நனைக்க ஒரு இடம்

என் மச்சான் கடலூரிலிருந்து போன் பண்ணினபோது மிஷினில் மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது. சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு மாவு மில். மிளகாய் ஓடும்போது யார் என்னைப் பார்த்தாலும் அழுதவன் மாதிரிதான் இருப்பேன். அந்த மார்கழியில் அது எனக்கு வசதியாகப் போயிற்று.

"மாமா, டேபிள் சொல்லி வச்சிட்டேன். ஆனா பக்கா இல்ல. வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள நீங்க சரின்னு சொன்னாத்தான் புக் பண்ணுவாங்க. ஆறு பேருக்கு."

"எந்த ஓட்டல்ல?"

"ஜெர்மன் ஓட்டல் மாமா. கடலூர் தாண்டி பாண்டி போற ரோட்டுல, கடல் பக்கமா. ஜெர்மன்காரரே சமைக்கிறாரு. நம்ம சம்பந்தி ஊர் சாப்பாடு."

"அந்த வார்த்தைய உங்க அக்கா காதுல போட்டுடாத" என்றேன்.

"அதான் மில்லுக்குப் பண்றேன்" என்றான்.

இவன் என் மனைவியின் தம்பி. கடலூரில் டாக்சி வைத்திருக்கிறான். பாண்டிச்சேரிக்கு வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்து நடராஜர் கோயிலைக் காட்டித் திரும்பக் கொண்டுபோய் விடுவான். அப்படிப் பழகினதில்தான் அந்த ஓட்டல் அவனுக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரே பெண். கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, சாமி குடுத்த பிள்ளை. இங்கேயே யுனிவர்சிட்டியில் இன்ஜினியரிங் முடித்து, ஸ்காலர்ஷிப் கிடைத்து ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போனாள். அங்கேயே வேலையும் கிடைத்தது. நான் எட்டாவதோடு நின்றவன். அவள் ப்ளேன் ஏறின அன்றைக்கு, பொன்னம்பலத்தின் முன்னால் நின்று, இதுக்கு மேல உன்கிட்ட நான் என்ன கேக்கப்போறேன் சாமி என்று சொன்னேன். 2010 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே போனில் சொன்னாள். அங்கே ஒருத்தரைப் பிடித்திருக்கிறது, அந்த ஊர்ப் பையன், மார்கழியில் அவரும் அவரோட அப்பா அம்மாவும் இந்தியா வர்றாங்க, நம்ம வீட்டுக்கு வந்து முறையா பேசணும்னு அவுங்களாவே கேக்கறாங்க என்று.

என் மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், விஷயம் ஒரு வழிக்கு வந்திருக்கும். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, பெருக்கின வாசலையே மறுபடியும் பெருக்கினாள். அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் ஊர் எல்லையில் இருக்கிற காளியம்மன் கோயிலில் மண்சோறு சாப்பிட ஆரம்பித்தாள். இலையும் இல்லாமல் தட்டும் இல்லாமல், தரையிலேயே சோற்றைப் போட்டு எடுத்துச் சாப்பிடுகிற வேண்டுதல் அது. பெண்ணுடைய மனசு மாறணும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பி வரும்போது உதட்டோரம் மண் ஒட்டியிருக்கும். துடைத்துக்கொள்ளச் சொல்லக்கூட எனக்கு வாய் வராது.

நான் தினமும் காலையில் சபைக்கு முன்னால் போய் நிற்பேன். திருநீறு பூசிக்கொள்வேன். கண்ணை மூடினால் என்ன கேட்பது என்று தெரியாது. கல்யாணம் நடக்கட்டும் என்று கேட்டால் மனைவியின் வேண்டுதலுக்கு எதிராகக் கேட்கிறேன். நின்றுபோகட்டும் என்று கேட்டால் பெண்ணின் சந்தோஷத்துக்கு எதிராகக் கேட்கிறேன். ஒன்றும் கேட்காமலே திரும்பி வருவேன். அத்தனை வருஷத்தில் சாமி முன்னால் நான் ஊமையாக நின்றது அந்த ஐந்து மாசம்தான்.

வர்றவர்களை வரவேண்டாம் என்று சொல்ல என் மனைவிக்கும் மனசு வரவில்லை. "வரட்டும். காபி குடுப்போம். பழம் குடுப்போம். நல்லபடியா பேசுவோம். ஆனா இலை போட மாட்டேன். என் வீட்டுல அவுங்க கை நனைக்கக் கூடாது" என்றாள்.

எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடுவார்கள். ஆனால் இலையில் உட்கார்ந்து சோறு சாப்பிட மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் மாற்றிப் பேசினால் அது பேச்சுத் தவறினது. அதே மாதிரிதான் பெண் வீட்டுக்காரர்களும். இலை போட்டு உட்காரச் சொல்லிவிட்டால், பெண்ணைத் தருகிறோம் என்று சொன்ன மாதிரிதான்.

ஆனால் இவர்கள் பக்கத்து ஊரிலிருந்து வரவில்லை. கடல் தாண்டி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, கோயில் பார்த்து, எங்களோடு பேசி, சாயந்திரம்தான் கிளம்புவார்கள் என்று பெண் சொல்லியிருந்தாள். நடுமத்தியானம் பசியோடு இருக்கிறவர்களிடம் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்புவதா? விரோதி வீட்டில்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள்.

அங்கேதான் மச்சானுடைய மூளை வேலை செய்தது.

"ஓட்டல்ல சாப்பிட்டா அது யார் வீட்டுச் சோறும் இல்ல மாமா. காலைல கோயில பாப்பாங்க. வீட்டுல காபி. அப்புறம் எல்லாரையும் என் வண்டியில ஏத்திக்கிட்டுப் போறேன். அவுங்க ஊர் சாப்பாடு, பிரமாதமா நடத்தினாங்கன்னு சந்தோஷமா போவாங்க. அக்கா சொன்னதும் நிக்கும். நாளைக்கு சரின்னும் சொல்லிக்கலாம், இல்லன்னும் சொல்லிக்கலாம்."

"இது ஏமாத்து வேலையா தெரியல?"

"மரியாத பண்றது எப்படி மாமா ஏமாத்தறதாவும்?"

அப்படிச் சொல்லித்தான் டேபிளும் சொல்லி வைத்தான். புதன்கிழமை மில்லை மூடிவிட்டு பஸ் பிடித்துக் கடலூர் போனேன். மச்சான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து என்னை அந்த ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

ஓட்டல் என்று போர்டே இல்லை. சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. உள்ளே வெள்ளைத் துணி விரித்த நாலைந்து மேசை. கல்லா இல்லை, சாமி படம் இல்லை, சாப்பாட்டு வாசனைகூட இல்லை. நான் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "செருப்ப கழட்டணுமா?" என்று கேட்டேன்.

"மாமா, இது கோயில் இல்ல" என்றான் மச்சான்.

வாசலில் டேபிள் எழுதிக்கொள்கிற பெண் விழுப்புரத்துப் பிள்ளையாம். தமிழில் பேசினது கொஞ்சம் தைரியமாக இருந்தது. சைவம் தனியாகச் செய்வார்களா என்று கேட்டேன். தனி அடுப்பு, தனிச் சட்டி என்று சொன்னாள். என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "பயப்படாம சாப்பிடலாம் சார், எங்க அம்மாவே வந்து சாப்பிட்டிருக்காங்க" என்றாள். அப்புறம் அந்தச் சமையல்காரரே வெளியில் வந்தார். ஒல்லியான மனுஷர், கையெல்லாம் பச்சை குத்தியிருந்தார். எனக்கு ருசி காட்டணும் என்று தட்டு ஒன்று வந்தது. எங்கள் வீட்டில் தாம்பாளம் அந்த அளவுக்கு இருக்கும். அதன் நடுவில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு உருளைக்கிழங்கு. சுற்றி வெள்ளையாக நுரை. பக்கத்தில் பொடியாக நறுக்கின ஏதோ ஒன்று, மேலே ஒரு பூ.

அந்தப் பெண் விளக்கினாள். அவர்கள் ஊரில் கோஸைப் புளிக்க வைத்துச் சாப்பிடுவார்களாம். இவர் அதுக்குப் பதிலாக நம்ம பலாக்காயைப் புளிக்க வைக்கிறாராம். நுரை, காடாம்புலியூர் பக்கத்து முந்திரியை அரைத்துப் பண்ணினது. உருளைக்கிழங்கு வைக்கோல் புகையில் வேக வைத்தது.

"வைக்கோல நாம மாட்டுக்குப் போடுவோம்" என்று மச்சான் என் காதில் சொன்னான்.

"சும்மா இருடா."

நான் அதை வாயில் போட்டேன். கேலி பண்ண வேண்டும் என்றால் இங்கே நிறைய பண்ணலாம். ஆனால் பொய் சொல்ல முடியாது. அது நன்றாக இருந்தது. அடுப்புப் புகை வாசனை, கொஞ்சம் புளிப்பு, அப்புறம் முந்திரியின் தித்திப்பு. அந்த மனுஷர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி. நான் தலையாட்டினேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நன்றாக இல்லாமல் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பேன்.

அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். "ஆறு பேர். ஞாயிறு மத்தியானம். என்ன விசேஷம் சார்? பர்த்டேவா, வெட்டிங் டேவா? தட்டுல அதுக்குத் தகுந்த மாதிரி எழுதித் தருவாங்க."

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

என்ன விசேஷம்? மகளைக் கட்டிக்க வர்றவனையும் அவன் பெற்றவர்களையும் வீட்டில் சோறு போடாமல் அனுப்புகிற விசேஷம். அதைத் தட்டில் எப்படி எழுதுவார்கள்? "வெள்ளிக்கிழமை சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வெளியில் வந்தேன். சவுக்குத் தோப்பில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லதாப் போச்சு. சரின்னு சொல்லிடுங்க."

"பாப்பாவுக்கு என்ன தோணும்?"

"அவளுக்கென்ன, சந்தோஷப்படுவா. அவுங்க ஊர் சாப்பாடுதான?"

"நீ வருவியா அங்க?"

"வந்து உக்காருவேன். எனக்கு விரதம்னு சொல்லிடுங்க." கழுவின பாத்திரத்தை எடுத்து அடுக்கினாள். அப்புறம், "அவ புள்ள பெத்தா நான் எந்த பாஷையில தாலாட்டறது? சொல்லுங்க. அவ ஆஸ்பத்திரியில கெடக்கும்போது நான் எந்த பஸ் ஏறிப் போறது?" என்றாள். "நான் அந்தப் பையன் மேல கோவப்படல. அவன் யாரோ பெத்த புள்ள. என் புள்ள என்னைவிட்டுப் போயிடுவா, அதான்."

வெள்ளிக்கிழமை காலையில் மில்லுக்குப் போகவில்லை. மார்கழிக் கூட்டம், கோயிலில் நிற்கவே இடமில்லை. வெளியூர்க்காரர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்கள். திரை விலகினபோது பக்கத்தில் இருந்த அம்மா சத்தம் போட்டு அழுதார்கள். எனக்கும் அழ வேண்டும்போல் இருந்தது, வரவில்லை. சரின்னு சொல்லட்டுமா, வேணாம்னு சொல்லட்டுமா சாமி என்று கேட்டேன். டேபிள் புக் பண்ணுவதைப் பற்றி நடராஜரிடம் கேட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். திரை மூடிவிட்டது.

மத்தியானம் பெண் போன் பண்ணினாள். எல்லோருமாக மகாபலிபுரம் வந்து இறங்கியிருந்தார்கள். பின்னால் அலைச் சத்தம் கேட்டது. குரலில் அப்படி ஒரு உற்சாகம். பையனுடைய அம்மா எங்களுக்காகப் பின்னல் வேலை செய்த துணி கொண்டுவந்திருக்கிறார்களாம். அப்பா நாலு நாளாக "வணக்கம்" சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறாராம், இன்னும் வரவில்லையாம். நானும் சிரித்தேன். சிரித்த சூட்டோடு ஓட்டலைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"ஜெர்மன் ஓட்டலா?" அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏம்ப்பா, ஜெர்மன் சாப்பாடு சாப்பிடவா அவுங்க ஜெர்மனியிலருந்து வர்றாங்க? அம்மா சமையல பத்தித்தான் நான் அங்க ரெண்டு வருஷமா பீத்திக்கிட்டிருக்கேன்."

"இல்ல பாப்பா, அவுங்களுக்கு நம்ம காரம் ஒத்துக்குமோ என்னமோன்னு..."

"அதெல்லாம் ஒத்துக்கும். வீட்லயே..."

அதோடு நின்றுவிட்டாள். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன்ப்பா" என்றாள். குரல் மாறிப்போயிருந்தது. "கை நனைக்க வேணாம்னு அம்மா சொல்லிச்சா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பெரியப்பா வீட்டு அக்காவ பாக்க வந்தப்ப நானும் அங்கதாம்ப்பா இருந்தேன். இலை போட்டப்புறம் மாப்ள வீட்டுக்காரங்க இலையில உக்காராம எழுந்து போனாங்களே. பெரியம்மா சாம்பார் வாளியோட அப்படியே நின்னாங்க. அக்கா ரூம்லருந்து வெளிய வரவே இல்ல." மூச்சு விட்டாள். "இவுங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அந்த ஓட்டல்ல நல்லா சாப்பிடுவாங்க. தேங்க்ஸ் சொல்லுவாங்க. போட்டோ எடுத்துக்குவாங்க. ஆனா எனக்குத் தெரியுமே. அந்த டேபிள்ல நான் எப்படிப்பா உக்காந்து சாப்பிடறது?"

"பாப்பா..."

"நான் கோவமா பேசலப்பா. அம்மாவ திட்டாதீங்க. ஞாயித்துக்கிழமை நான் மட்டும் வந்து உங்க ரெண்டு பேரையும் பாத்துட்டுப் போறேன். அவுங்கள இங்கயே விட்டுட்டு வரேன். உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னப்பா. நீங்க கூப்பிடறப்ப வருவேன்."

அந்தக் கடைசி வார்த்தையில் என் உயிர் போய்விட்டது. கோபமாக வர மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட, ஆறு மாசத்தில் மனசு மாறுவாள் என்று தேற்றிக்கொள்ளலாம். இவள் மரியாதையாகப் பேசினாள். தூரத்து உறவுக்காரர்களிடம் பேசுகிற மாதிரி. அவள் போகிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ப்ளேன் ஏறினபோது போகவில்லை, இப்போது போகிறாள். அந்த மேசையை நான் புக் பண்ணுகிற நிமிஷத்தில் போய்விடுவாள்.

"எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வா" என்றேன். "நான் இலை போடறேன்."

"அம்மா?"

"நான் சொல்றேன் இல்ல. கூட்டிக்கிட்டு வா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் மனைவி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"யாரு சமைக்கப் போறது?"

"நான்."

"நீங்க? உங்களுக்கு மாவு அரைக்கத் தெரியும். அரைச்ச மாவ என்ன பண்றதுன்னு தெரியுமா?"

"தெரியாதுதான். கஞ்சியாச்சும் வச்சி ஊத்தறேன். என் வீட்டு வாசலுக்கு வர்றவங்கள பசியோட அனுப்ப என்னால முடியல."

"அப்ப சம்மதம்னு சொல்லிட்டீங்க. என்னைக் கேக்காம."

"ஆமா. கேக்காம சொல்லிட்டேன்."

அவள் என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொடவிடவில்லை. "போயிடுவா, போயிடுவா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான், "போகட்டும், ஆனா திரும்பி வர்றதுக்கு வீடு இருக்கட்டும்" என்றேன். அது அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் அவள் எழுந்து, முகம் கழுவி, வழக்கம்போல் காளியம்மன் கோயிலுக்குப் போனாள். அன்றைக்கு அங்கே என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மச்சான் போன் பண்ணினான்.

"மாமா, அந்த ஓட்டல் பொண்ணு கேக்குது. என்னா சொல்லட்டும்?"

"வேணாம்னு சொல்லிடு. சமையல்காரருகிட்ட, சாப்பாடு நல்லா இருந்திச்சின்னு சொல்லு. புடிக்காம வேணாம்னு சொல்லல, வேற காரணம்னு சொல்லு."

"அக்கா சமைக்குதா?"

"தெரியல."

"தெரியலன்னா எப்படி மாமா? ஞாயித்துக்கிழமைக்கு ஒரு நாளுதான நடுவுல இருக்கு?"

"தெரியலடா" என்றேன். அந்த நேரத்தில் உலகத்தில் எனக்கு எதுவுமே தெரியவில்லை.

சனிக்கிழமை முழுக்க அவள் பேசவில்லை. நான் மார்க்கெட்டுக்குப் போய் வாழைக்காய், அவரைக்காய், வாழையிலை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து அடுக்களையில் வைத்தேன். வைத்தது வைத்தபடி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சந்து முனையிலேயே பருப்பு வேகிற வாசனை வந்தது. நான் உள்ளே போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். உள்ளே போனால் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாளோ என்று பயம்.

அவர்கள் வந்தார்கள். பையனுடைய அப்பா என்னைக் கும்பிட்டு "வணக்கம்" என்றார், பாதிதான் வந்தது. என் மனைவி முகம் காட்டி, கும்பிட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். கூடத்தில் பாய் விரித்து நானே இலை போட்டேன். நானே பரிமாறினேன். அவள் பாத்திரத்தை நிலைப்படி வரைக்கும் கொண்டுவந்து வைப்பாள், நான் எடுத்துக்கொள்வேன். பெண் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். நிமிர்ந்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பையன் ஸ்பூன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையால் சாப்பிட்டான். பிசையத் தெரியவில்லை. சாம்பார் விரலிடுக்கு வழியாக முழங்கைக்கு ஓடியது. அவன் அம்மா சிரித்தார்கள். சோறு வாய்க்குப் போவதைவிட மடியில் விழுந்ததுதான் ஜாஸ்தி. இருந்தாலும் விடவில்லை. நான் ரசம் எடுத்துக்கொண்டு வந்தேன். அவன் இலையில் சோறு தட்டையாகப் பரப்பிக் கிடந்தது. எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நான் நின்றேன். ஊற்றினால் இலையைத் தாண்டிப் பாயெல்லாம் ஓடும்.

என் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. என் மனைவி வந்து என் கையிலிருந்து ரசப் பாத்திரத்தை வாங்கினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"சோத்து நடுவுல குழி பண்ணிக்கச் சொல்லு" என்றாள் பெண்ணிடம்.

பெண் அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். அவன் குழி பண்ணினான். அவள் குனிந்து ரசத்தை ஊற்றினாள்.